ஒரு கணினியில் மட்டும்

“மத்தவங்களுக்கெல்லாம் ஓடுதே” என்ற வாக்கியம் சில காலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. நான்கைந்து மேசைகள், மூலையில் எல்லோரும் சர்வர் என்று சொல்லும் சற்றே புதிய கணினி, அதில் ஒரு பகிர்ந்த கோப்புறை, அதற்குள் மைக்ரோசாஃப்டின் ஆக்செஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் எப்போதோ யாரோ எழுதிக்கொடுத்துவிட்டுப் போன ஒரு கோப்பு. பெயர்களும் தொகைகளும் தேதிகளும் அந்த ஒற்றைக் கோப்புக்குள்தான் கிடக்கும். ஒருநாள் ஒரு மேசையில் மட்டும் அது திறக்க மறுக்கும், அல்லது திறந்துகொண்டு தப்பான கணக்கைக் காட்டும். அந்த மேசைக்காரர் தலையைத் தூக்கிச் சொல்வார். மற்ற மேசைகளிலிருந்து மேற்படி வாக்கியம் வரும். அதில் கோபம் இருப்பதில்லை. சில சமயம் பரிவுகூட இருக்கும். ஆனால் சொல்லி முடித்ததுமே குறை பொதுவில் இல்லை, உன் இடத்தில்தான் இருக்கிறது என்று தீர்ப்பாகிவிடுகிறது. தர்க்கப்படி இதில் பிழை சொல்ல முடியாது. ஐந்தில் நான்கு ஓடினால் ஐந்தாவதைத்தானே பார்க்க வேண்டும்? நானும் அங்கிருந்துதான் வேலையைத் தொடங்குகிறேன். எங்கே பார்ப்பது என்பது ஒரு கேள்வி, யார்மேல் குறை என்பது வேறு கேள்வி. இரண்டும் எந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த இடத்தைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கோப்பை ஐந்து பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? வங்கியிலும் ரயில் முன்பதிவிலும் தரவு ஒரு சர்வரில் இருக்கும்; அங்கே ஒரு மென்பொருள் விழித்திருந்து எல்லாக் கேள்விகளையும் வாங்கி, வரிசைப்படுத்தி, பதில் தரும். 1992 நவம்பரில் வெளிவந்த ஆக்செஸ் அப்படிக் கட்டப்பட்டதல்ல. கோப்பு இருக்கும் கணினி அதை வெறுமனே வைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பது கணக்கா படமா பாட்டா என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். படிப்பதும் எழுதுவதும் ஒவ்வொரு மேசையிலும் தனித்தனியே ஓடும் ஜெட் என்ற எஞ்சின். 2007 பதிப்பிலிருந்து அதன் வாரிசான ஏஸ். ஐந்து மேசை என்றால் ஐந்து எஞ்சின்கள் கம்பி வழியே கை நீட்டி ஒரே கோப்பைத் தொடுகின்றன. 4096 பைட் கொண்ட பக்கங்களாக இழுத்துப் படித்து, எழுதித் திருப்பி வைக்கின்றன. நடுவில் கங்காணி கிடையாது. ஒருவர் எழுதும்போது இன்னொருவர் கைவைக்காமல் இருப்பதற்கு அவர்களுக்குள் இருக்கும் ஏற்பாடு, கோப்புக்குப் பக்கத்திலேயே தோன்றும் ஒரு சின்னப் பூட்டுக் கோப்பு. முதல் ஆள் திறக்கும்போது பிறக்கும், கடைசி ஆள் மூடும்போது அழியும். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் அதில் 64 பைட்: முதல் பாதியில் கணினியின் பெயர், மறுபாதியில் பயனரின் பெயர். அந்த மறுபாதியில் பெரும்பாலும் எல்லோருக்கும் ‘அட்மின்’ என்றே இருக்கும். 255 பேருக்கு மேல் இடமில்லை, ஆகவே அது 16 கிலோபைட்டைத் தாண்டுவதில்லை. நோட்பேடில் திறந்தால் பெயர்களைப் படிக்கலாம். ஆனால் வெளியேறியவரின் பெயரை அது உடனே அழிப்பதில்லை. வேறொருவர் வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்வரை கிடக்கும். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு கட்டினால் தவறிப்போகும்.

இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒரு கணினியின் குறை, பொதுவின் குறை என்று கோடு போடுவது நினைப்பதைவிடக் கடினம். பூட்டுக் கோப்பு உருவாக வேண்டுமென்றால், பகிர்பவர் எல்லோருக்கும் அந்தக் கோப்புறையில் படிக்க, எழுத, புதிதாக உருவாக்க, அழிக்க அனுமதி இருக்க வேண்டும். ஒருவருக்கு உருவாக்கும் அனுமதி விடுபட்டுப்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் ஏற்கெனவே திறந்திருக்கும் நாளில் பூட்டுக் கோப்பு தயாராக இருக்கும். அவரும் உள்ளே நுழைந்துவிடுவார், எந்தச் சிக்கலும் தெரியாது. அவர் முதலில் வந்து திறக்கும் நாளில் பூட்டுக் கோப்பு பிறக்காது, கோப்பு பகிர்வில்லாமல் அவரோடு நின்றுவிடும். பின்னால் வருபவருக்குப் பிழை எண் 3045, கோப்பு உபயோகத்தில் இருக்கிறது என்ற செய்தி. அனுமதிக் குறை ஒரு மேசையில், எரர் வருவது இன்னொரு மேசையில். அது எந்த மேசை என்பதை அன்று காலை யார் முதலில் வந்து சாவியைத் திருப்பினார், யாருக்குப் பேருந்து தாமதமானது என்பவை தீர்மானிக்கின்றன. அனுமதியைக் கொடுத்தது சர்வர் கணினியில் என்பதால், குறை அங்கே இருக்கிறது என்றும் சொல்லலாம். கடைமடை வயல் காய்ந்தால் விவசாயி முதலில் வாய்க்காலைத்தான் நடந்து பார்ப்பார், வயலைத் திட்டமாட்டார். எங்கோ மேலே ஏற்பட்ட அடைப்பு முதலில் கடைசி வயலில்தான் தெரியும் என்பது அவருக்குப் பரம்பரை அறிவு. அலுவலகங்களில் அந்த அறிவு நமக்கு இன்னும் சேரவில்லை என்று நினைக்கிறேன்.

நேர்மாறானதும் உண்டு. குறை நிஜமாகவே அந்த ஒரு கணினியில் இருக்கும், ஆனால் தான் இருக்கும் இடத்தைக் காட்டாது. ஆக்செஸ் நிரல்கள் பல வெளி நூலகங்களை நம்பி ஓடுகின்றன. அவற்றின் பட்டியல் கோப்புக்குள்ளேயே இருக்கும். தேதியைத் தேர்ந்தெடுக்கப் பழைய நிரல்களில் ஒரு காலண்டர் கன்ட்ரோல் வைத்திருப்பார்கள். 2010 பதிப்போடு அது கைவிடப்பட்டது. பழைய பதிப்புள்ள நான்கு மேசைகளில் நிரல் ஓடும். புதிதாக வாங்கிய ஐந்தாவதில் நிற்கும். நிற்கும் இடம் காலண்டர் என்றால் நமக்குப் புரிந்துவிடும். ஆனால் பெரும்பாலும் அது இன்றைய தேதியைக் கேட்கும் ஒரு சாதாரண வரியில், அல்லது பெயரின் முதல் நான்கு எழுத்தை வெட்டும் வரியில் நிற்கும். பட்டியலில் ஒரு நூலகம் காணாமல்போனால் அதற்குச் சம்பந்தமே இல்லாத, ஆக்செஸோடு பிறந்த செயல்கள்கூடத் தங்களை அடையாளம் காண முடியாமல் தவிக்கும். எத்தனையோ பேர் அந்த வரியை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்து ஓய்ந்திருக்கிறார்கள். பட்டியலைத் திறந்து, ‘மிஸ்ஸிங்’ என்று குறிக்கப்பட்டிருப்பதன் டிக்கை எடுத்தால் தேதி திரும்பி வந்துவிடும். காலண்டருக்குத்தான் வேறு வழி செய்ய வேண்டும். வலி ஓரிடம், நோய் ஓரிடம் என்று வைத்தியர்கள் சொல்வதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிழைச் செய்தி சொல்வது தான் எங்கே விழுந்தது என்பதை மட்டும். தள்ளியது எது என்று அதற்குத் தெரியாது.

என் உறுத்தலின் வேர் ஒரு மொத்த மருந்துக் கடையில் இருக்கிறது. மாலையானதும் அங்கே அன்றைய வசூல் பட்டியலை எடுத்துக் கல்லாப் பணத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். மாடிப்படிக்குக் கீழே, மாத்திரை அட்டைப்பெட்டிகளின் மணம் தேங்கிய இடத்தில் ஒரு பெண்ணின் மேசை. அவருடைய கணினியில் எடுக்கும் பட்டியல் சில நாள் காலியாக வரும். சில நாள் மாதக்கணக்கில் பழைய பில்கள் வந்து நிற்கும். மற்ற நான்கு கணினிகளில் சரியாக வரும். “தேதியைப் பாத்துப் போடும்மா” என்பார் கேஷியர். பக்கத்தில் நின்று பார்த்தேன், சரியாகத்தான் போட்டார். மாதம் பாதியானதும் சிக்கல் தானாக மறைந்துவிடும். “இப்பதான் பழகியிருக்கு” என்று சொல்வார்கள். அடுத்த மாதம் பிறந்ததும் திரும்ப வரும், அவருடைய முகமும் அதற்கேற்பச் சுருங்கும். இந்த மாதாந்தர ஒழுங்குதான் எனக்கு வழிகாட்டியது. கவனக்குறைவு நாட்காட்டி பார்த்து வருவதில்லை.

ஆக்செஸ் தேதியை எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. 1899 டிசம்பர் 30 அதற்குப் பூஜ்யம். 2024 மார்ச் 5 என்பது 45356. அந்த எண் எல்லாக் கணினிக்கும் ஒன்றுதான். திரையில் நாளை முதலில் காட்டுவதா, மாதத்தை முதலில் காட்டுவதா என்பதை அந்தந்தக் கணினியின் விண்டோஸ் வட்டார அமைப்பு முடிவு செய்கிறது. அவருடைய கணினியில் இந்திய முறை வைக்கப்பட்டிருந்தது. மற்றவற்றில் விண்டோஸ் ஏற்றியபோது இருந்த அமெரிக்க முறையை யாரும் தொடவில்லை. அங்கே இருந்தவர்கள் மாதத்தை முதலில் போட்டுப் பழகியிருந்தார்கள். நிரலை எழுதியவர் தேதியை எழுத்தாக்கி வினவல் வரியில் ஒட்டியிருந்தார். எழுத்தாக்கும்போது அந்தக் கணினியின் அமைப்புப்படி வரும். வினவல் மொழியோ எந்த ஊரிலும் மாதத்தைத்தான் முதலில் படிக்கும். ஆகவே மார்ச் 5க்காக அவர் கேட்ட 05/03, மே மாதம் 3ஆம் தேதியாகிக் காலிப் பட்டியல் வந்தது. மே 3 அன்று கேட்டால் மார்ச் 5இன் பில்கள் வரும். 13ஆம் தேதியிலிருந்து எல்லாம் சரி. பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் ஆக்செஸ் சத்தம் போடாமல் நாளையும் மாதத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளும். மார்ச் முழுவதற்கும் கேட்டால் இன்னும் விபரீதம்: 01/03 என்பது ஜனவரி 3 ஆகும், 31/03 மார்ச் 31 ஆகவே நிற்கும். ஒரு மாதக் கணக்குக்கு ஏறக்குறைய மூன்று மாத வசூல் வந்து குவியும். எங்கும் எரர் வராது. ஒரு மணியோசைகூட இல்லை.

இதில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது, பிழை ஐந்து கணினிகளிலும் இருந்தது என்பதுதான். நிரலின் அந்த வரி எல்லாக் கணினிக்கும் ஒன்றே. நான்கு கணினிகள் பொருந்தாத அமைப்பில் இருந்ததால் அது வெளியே தெரியவில்லை. இந்த ஊர் வழக்கப்படி தேதி வைத்திருந்த ஒரே கணினியில் தெரிந்தது. பெரும்பான்மை ஒத்துப்போவதை உண்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதில் இருக்கும் ஆபத்து இதுதான்: ஒரே மாதிரி தவறியிருப்பவர்களும் ஒத்துத்தான் போவார்கள். கடைக்காரர் அவருடைய கணினியையும் அமெரிக்க முறைக்கு மாற்றிவிடச் சொன்னார். ஒரு நிமிட வேலை, சிக்கல் நின்றிருக்கும். நான் அதைச் செய்யாமல் நிரலின் வரியைத் திருத்தி, எந்த அமைப்பிலும் மாதம் முதலில் எழுதப்படும்படி செய்தேன். பிறகு கேஷியரிடம் உட்கார்ந்து விளக்கினேன்: தப்பு நிரலில் இருந்தது, அந்தப் பெண் ஒருநாளும் தேதியைத் தவறாகப் போடவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிதான் சார், ஆனா அவங்க சிஸ்டத்துலதானே வந்துச்சு” என்றார். அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுபேச்சு இருந்தது, ஆனால் கேட்கும் காது அங்கே இல்லை. இயந்திரத்தைச் சரிசெய்த பிறகும் மனிதர்மேல் விழுந்த தீர்ப்பு மாறாமல் இருக்கிறது. நான் அடிக்கடி திரும்பிப்போவது இந்த இடத்துக்குத்தான்.

இது சின்னக் கடைகளின் கதை மட்டுமல்ல. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பு 2018இல் பரவியபோது, உலகெங்கும் பகிர்ந்த ஆக்செஸ் கோப்புகள் திடீரென்று நிலைகுலைந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்லத் தொடங்கின. செய்தி வந்தவர்களிடம் வழக்கமான கேள்விகள் போயின. கணினியைப் பாதியில் அணைத்தீர்களா? வைஃபையில் வேலை செய்தீர்களா? காரணம் அவர்கள் கையில் இல்லை. கோப்புகளைக் கம்பிவழி பகிரும் எஸ்எம்பி முறையில் ‘லீசிங்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு கணினி கோப்பின் பகுதிகளைத் தன்னிடமே தற்காலிகமாக வைத்துக்கொள்ள அது இடம் தரும். அடிக்கடி கேட்க வேண்டாம், வேகம் கூடும். ஒரே பக்கத்தைப் பலர் மாற்றி மாற்றி எழுதும் கோப்புக்கு அது ஒத்துவரவில்லை. கோப்பு இருக்கும் கணினியில், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரிஜிஸ்ட்ரியில், அந்த வசதியை நிறுத்தினால் சிக்கல் நின்றது. மைக்ரோசாஃப்டே இந்த மாற்றுவழியை வெளியிட்டது. மருந்தை இட வேண்டியிருந்தது எல்லோரும் சர்வர் என்று நம்பிய, ஒருபோதும் எரர் காட்டாத கணினியில். எரர் வந்த மேசைகளில் ஆபீஸை நீக்கி மறுபடி ஏற்றிய உழைப்பெல்லாம் எத்தனை அலுவலகங்களில் வீணாகியிருக்கும் என்று நினைத்தால் ஆயாசமாக இருக்கிறது.

ஆனால் என் சிந்தனை ஒரு பக்கமாகச் சாய்கிறதோ என்ற சந்தேகமும் கூடவே வருகிறது. தனித்து நிற்பவர்மேல் கனிவு வைத்துவிட்டால் எல்லாக் குறைக்கும் பொதுவையே காரணம் சொல்லத் தோன்றும். அதுவும் விசாரணையில்லாத தீர்ப்புதான். அந்த ஒரு கணினியின் நெட்வொர்க் கேபிளில் கிளிப் உடைந்து, நாற்காலி இடிக்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகலாம். அப்போது வருவது 3043, வட்டு அல்லது நெட்வொர்க் பிழை. மின்சாரம் மிச்சம்பிடிக்க நெட்வொர்க் கார்டைத் தூங்கவைக்கும் அமைப்பு அதில் மட்டும் இயங்கலாம். 64 பிட் ஆபீஸ் ஏற்றிய ஒரே கணினியாக அது இருக்கலாம். 32 பிட் காலத்து நிரல் அங்கே முதல் வரியிலேயே முரண்டும். அத்தோடு, ஒருவரின் கேபிள் அவரோடு நின்றுவிடுவதும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் பக்கம் பாதியில் நிற்கும். அடுத்த நாள் நல்ல கேபிள் உள்ளவருக்கு 3343, இனங்காணாத தரவுத்தள வடிவம் என்ற செய்தி வரும். ஒருவரின் குறை பொதுவாகிறது, பொதுவின் குறை ஒருவரிடம் வெளிப்படுகிறது. எந்தத் திசையில் என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். அதே கணினியில் வேறொருவரின் லாகின். வேறு கணினியில் அதே ஆளின் லாகின். பிறகு கேபிளை மட்டும் மாற்றுவது. நிரலை ஓடவிடலாம் என்று ஆக்செஸ் நம்பும் கோப்புறைகளின் பட்டியலை ரிஜிஸ்ட்ரி ஒவ்வொரு பயனருக்கும் தனியாக வைத்திருப்பதால், ஒரே கணினியில் ஒருவருக்கு ஓடி இன்னொருவருக்கு ஓடாமல் போவதும் உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால் குறை எதைப் பின்தொடர்கிறது என்று தெரிந்துவிடும். இதை எல்லோர் முன்னிலையிலும் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். யார் உட்கார்ந்தாலும் அங்கே அதே எரர் வருகிறது என்பதை நாலு பேர் கண்ணால் பார்ப்பது, எந்த விளக்கத்தைவிடவும் அந்த மேசைக்காரருக்கு ஆறுதல்.

இந்த நிதானத்துக்கு எதிராக நிற்பது “ஃபார்மட் அடிச்சிடலாம்” என்ற வார்த்தை. அது பல நேரம் பலிக்கவும் செய்கிறது. எல்லாவற்றையும் துடைத்து மற்றவற்றைப் போலவே ஆக்கிவிட்டால், வேறுபாட்டால் வந்த சிக்கல் வேறுபாட்டோடு போய்விடும். கூடவே சாட்சியமும் போய்விடும். மருந்துக் கடைக் கணினியை ஃபார்மட் செய்திருந்தால் தேதி அமைப்பு அமெரிக்க முறைக்குத் திரும்பியிருக்கும், பட்டியல் சரியாகியிருக்கும், அந்தப் பெண்தான் காரணம் என்பது காலத்துக்கும் உறுதியாகியிருக்கும். காரணம் தெரியாமல் கிடைத்த குணத்தை நான் நம்புவதில்லை. பொறுமையான வழியில் நேரம் போகிறது, கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் யாருடைய நேரத்தை மிச்சம்பிடித்து யாருடைய பெயரில் அந்தச் செலவை எழுதுகிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்த அலுவலகங்களில் கழித்துவிட வேண்டிய பழைய கணினி போவது கடைசியாகச் சேர்ந்தவரின் மேசைக்கு. படிக்கட்டுக்கு அடியில், ஜன்னலில்லாத சுவரோரம், நெட்வொர்க் சுவிட்சிலிருந்து மிக நீண்ட கேபிள் போகும் இடத்தில் அவரை உட்காரவைக்கிறோம். வேறுபாடுகளையெல்லாம் நாமே அங்கே கொண்டுபோய்க் குவித்துவிட்டு, பிழை ஏன் அங்கே மட்டும் வருகிறது என்று அவரையே கேட்கிறோம். பிழைச் செய்தியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், பயத்தில் ஓகே அழுத்திவிட்டேன் என்கிறார். செய்தியைப் படிக்கும் தைரியத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தப் பழைய வாக்கியம்தான்.

ஆகவே அலுவலகம் நடத்துபவர்களிடமும் என்னைப் போலக் கணினி பார்க்கப் போகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு மேசையில் மட்டும் பிழை வந்தால், மற்றவர்களுக்கு ஓடுகிறது என்பதைப் பிறகு சொல்லலாம். முதலில் எல்லோரையும் கோப்பிலிருந்து வெளியே வரச்சொல்லி ஒரு நகல் எடுத்துவையுங்கள். செய்தியையும் அதன் எண்ணையும் ஒரு தாளில் முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த மேசைக்குப் போய், அங்கே வேலை செய்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்து பாருங்கள். காரணம் அவரிடம் இல்லை என்று தெரிந்தால், எத்தனை பேர் முன்னால் அவரைச் சொன்னீர்களோ அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.